மலைமேல் ஒரு பெரிய வெள்ளி

தாப்பாவில் பேருந்து ஏறி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேலே வந்தால் தானா ராத்தா. வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி. ரிங்லெட்டைத் தாண்டியதும் சன்னலை மூடச் சொல்லும் குளிர். மலாய் மொழியில் ‘தானா ராத்தா’ என்றால் சமநிலம். 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு சமநிலம்! 1885-இல் இம்மலைப் பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலையில் தேயிலை வளர்த்த கைகளில் நம்மவர் கைகள் பல.

என் அம்மாவும் இங்கே கொழுந்து பறித்தவர்தான். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியை.

ஈஸ்டர், மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே நாள் மாறி மாறி வரும் பண்டிகை. அதற்கு முந்திய பெரிய வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில் பொது விடுமுறை. நம் பகாங்கில் அது வேலை நாள். அம்மா அன்று விடியுமுன் ஜெபித்துவிட்டு, பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் கூடையை மாட்டிக்கொண்டு மலைச்சரிவுக்குப் போய்விடுவார். மாலையில் வந்து கைகால் கழுவி அடுப்பில் கஞ்சி வைப்பார். பச்சரிசி, பாசிப்பயறு, நாலு பல் பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி முடித்த பிறகுதான் அகப்பையை எடுப்பார். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கும் ஒரு சட்டி போகும். ஆடி மாதத்தில் அங்கிருந்து எங்களுக்குக் கூழ் வரும்.

இப்போது நானும் ஒரு தாய். மகன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு லெந்து நாட்களில் தொலைபேசியில் அவனைக் கட்டாயம் வரச் சொன்னேன். “லீவு கிடையாதும்மா. வந்தாலும் உங்களுக்காகத்தான் கோயிலுக்கு வரணும், எனக்காக இல்ல” என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “உன் பாட்டி இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?” என்று கடிந்து, போனை வைத்துவிட்டேன். அதன்பின் பல மாதங்கள் ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்பதோடு எங்கள் பேச்சு நின்றுபோயிற்று.

இவ்வாண்டு அவனை வா என்று சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று பள்ளி விட்டதும், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் வழியில் இருக்கும் ஆல் சோல்ஸ் தேவாலயத்துக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அது கோபுரமும் மாடமும் கொண்ட கோயில் அன்று. பிரிட்டிஷ் இராணுவத்தின் அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றுதான் 1950-களின் இறுதியில் ஆலயமாயிற்று. சிப்பாய்களின் கூரையே ஜெப வீடாக மாறியிருக்க, பிள்ளையின் மனம் மாறாதா என்று எண்ணிக்கொண்டேன். மாற வேண்டியது என் மனமும்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு அதிகாலை. மலையெல்லாம் பனிமூட்டம். கல்லறைக்குப் போன பெண்கள், வாசலில் இருக்கும் கல்லை யார் புரட்டுவார் என்று வழியெல்லாம் கவலைப்பட்டதை வேதத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது.

“ஈஸ்டர் வாழ்த்தும்மா. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து பாட்டி கஞ்சி வச்சேன். கூட இருக்கிற பையன்களுக்கும் கொடுத்தேன். பயறுதான் வேகவே இல்ல. முன்னாடியே ஊற வைக்கணுமா?”

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. “காலையிலிருந்து சாப்பிடலையாப்பா?” என்று மட்டும் கேட்டேன். “இல்லம்மா” என்றான்.

அந்தப் பெண்கள் போய்ப் பார்த்தபோது கல் முன்னமே புரட்டப்பட்டிருந்தது. நானோ ஓராண்டாக அதைத் தள்ளித் தள்ளிக் கை நொந்திருந்தேன். அவன் ஆலயத்துக்குப் போனானா என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. பயற்றை வறுத்து, ஊறவைத்து, பிறகு அரிசியோடு போடும் பக்குவத்தைச் சொன்னேன். வெகு நாட்களுக்குப் பிறகு அரைமணி நேரம் பேசினோம்.

மலைக்கு வரும் அன்பர்களே, தேயிலைச் சரிவையும் ஸ்ட்ராபெரித் தோட்டத்தையும் பார்த்து முடித்தபின் அந்தத் தகரக் கோயிலையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளையோடு மனத்தாங்கல் உள்ள தாய்மார்கள் யாராயினும், இறங்கும் முன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.