தபால்காரரும் பேப்பர் பையனும்

வீட்டுக்குக் காகிதம் கொண்டுவருகிறவர்கள் இரண்டு பேர். விடிகாலையில் பேப்பர் பையன். சைக்கிளை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போவான். அது வாசல் கோலத்தில் விழுமா, மாடி பால்கனியில் விழுமா என்பது உங்கள் அன்றைய ராசிபலன். பதினோரு மணிக்குத் தபால்காரர். பெயர் பார்த்து, 'சார், போஸ்ட்!' என்பார். பேப்பர் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். படிக்காமல் எடைக்குப் போட்டாலும் குற்றமில்லை. கடிதம் அப்படியல்ல. நீங்கள் பிரிக்காமல் விட்டால் எங்கேயோ ஒருத்தர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார்.

கம்ப்யூட்டரில் பேப்பர் பையனின் வேலையை நியூஸ் ரீடரும் தபால்காரர் வேலையை ஈமெயில் புரோகிராமும் செய்கின்றன. இரண்டையும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி?

என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், செய்திப் பிரியர். ஏழெட்டு இடங்களில் ஈமெயில் முகவரியைக் கொடுத்து, செய்தி மொத்தத்தையும் இன்பாக்ஸுக்கே வரவழைத்துக்கொண்டார். தினமும் நூற்றுக்கு மேல். ஒருநாள் மகள் போன் செய்து, "ஏம்ப்பா, அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் வந்து நாலு நாளாச்சாமே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள். தேடினார். தங்கம் விலைக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது ரிப்போர்ட்.

இத்தனைக்கும் இந்த இருவரும் அந்நியர்கள் இல்லை, பங்காளிகள். 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த யூஸ்நெட்டில்தான் 'நியூஸ்குரூப்' வழக்கம் தொடங்கியது. ஒருத்தர் எழுதினால் குழுவில் எல்லோரும் படிக்கலாம். தமிழர்கள் அரட்டையடிக்க 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்றுகூட ஒரு குழு இருந்தது. 1983-ல் இதற்கு விதிமுறை எழுதியபோது ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஈமெயிலின் அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள். யார் எழுதியது, என்ன விஷயம், என்ன தேதி, எல்லாம் அதே மாதிரி. பெறுநர் பெயர் இருக்கும் இடத்தில் குழுவின் பெயர், அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கும் மெயில் புரோகிராம்களுக்கு இதுவும் புரிய வேண்டும் என்பது எண்ணம். ஒரே புரோகிராமில் இரண்டையும் படிக்க முடிந்தது அதனால்தான்.

1999-ல் ஆர்.எஸ்.எஸ். வந்தது. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதைத் தலைப்பு, சுருக்கம், சுட்டி என்று வரிசையாகத் தரும் பட்டியல். இதற்கு 'ஃபீட்' என்று பெயர். இதில் ஒரு சௌகரியம் உண்டு, கவனியுங்கள். உங்கள் ஈமெயில் முகவரியை யாரிடமும் தர வேண்டியதில்லை. உங்கள் ரீடர்தான் போய் எடுத்துக்கொண்டு வருகிறது. வேண்டாமென்றால் பட்டியலில் ஒரு வரியை அழித்தால் போதும். 'அன்சப்ஸ்கிரைப்' பட்டனைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டாம்.

சரி, சேர்த்து வைப்பது எப்படி? சுலபமான வழி, இரண்டும் தெரிந்த ஒரு புரோகிராம். இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டு அப்படிப்பட்டது. அதில் மெயிலுக்கு ஒரு அக்கவுன்ட் இருக்கும். ஃபீடுக்குத் தனியாக இன்னொரு அக்கவுன்ட் திறந்து, வேண்டிய தளத்தின் ஃபீட் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். செய்தி அதன் ஃபோல்டரிலேயே விழும். இன்பாக்ஸுக்குள் எட்டிப் பார்க்காது. பிடித்த செய்தியை அங்கிருந்தே நண்பருக்கு ஃபார்வர்டு செய்யலாம்.

தனி ரீடர்தான் பிடிக்கும் என்றால் இன்னொரு வேலை பாக்கி. செய்தியை யாருக்காவது அனுப்ப ஈமெயில் பட்டனை அமுக்குவீர்கள். நீங்கள் தொட்டே பார்க்காத ஏதோ ஒரு மெயில் புரோகிராம் எழுந்து வந்து, 'அக்கவுன்ட் விவரம் கொடு' என்று மிரட்டும். காரணம், பெரும்பாலான ரீடர்களுக்குச் சொந்தமாகக் கடிதம் அனுப்பத் தெரியாது. 'மெயில்டூ' என்று குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்கு யார் ஓடிவர வேண்டும் என்பதை விண்டோஸ் முடிவு செய்கிறது. செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' என்ற இடத்துக்குப் போய், 'மெயில்டூ'வுக்கு நேராக உங்கள் மெயில் புரோகிராமின் பெயரைப் போடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.

முடிந்ததும் இன்னொன்று. 2005-ல் தொடங்கிய கூகுள் ரீடர், 2013 ஜூலையில் மூடப்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் தவித்தார்கள். ஆனால், தங்கள் ஃபீட் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் அதை அடுத்த ரீடரில் ஏற்றி, மறுநாளே வழக்கம்போல் செய்தி படித்தார்கள். பட்டியலை 'ஓ.பி.எம்.எல்.' என்ற ஒரு சின்ன ஃபைலாக எடுக்க முடியும். பெரும்பாலான ரீடர்களுக்கு அது புரியும். உங்கள் பட்டியலையும் இன்றே எடுத்து வையுங்கள். எந்தக் கடை எப்போது ஷட்டரை இறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சேர்ப்பது வேறு, கலப்பது வேறு. கல்யாண வீட்டில் சாம்பாரும் பாயசமும் ஒரே இலையில்தான் பரிமாறுகிறார்கள். ஆனால், அதனதன் இடத்தில். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்கிறவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் தனி ஜாதி.