எட்டு வாரம், பன்னிரண்டு வாரம்

வேல்ஸின் வடமேற்குக் கடலோரத்தில் கெர்னார்வன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. கடைத்தெருவிலும் வீட்டிலும் வேல்ஷ் மொழி இன்றும் உயிர்ப்புடன் வழங்கும் ஊர் அது. அங்கு வாகன உதிரிபாகங்கள் செய்துவந்த பிரிக்‌ஷன் டைனமிக்ஸ் ஆலையின் தொழிலாளர்கள், முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி, 2001 ஏப்ரல் இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு வாரம் கழிந்து வேலைக்குத் திரும்பியபோது ஆலைக்கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. எட்டு வாரங்கள் கடந்ததும் எண்பதுக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

அந்த எட்டு வாரக் கணக்கு சட்டத்திலிருந்து வந்தது. சட்டப்படி வேலைநிறுத்தம் செய்பவரை முதல் எட்டு வாரங்களுக்குள் அதற்காக நீக்கினால் அந்நீக்கம் தன்னளவிலேயே நியாயமற்றது என்றது பிரிட்டனின் 1999ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பின், தகராற்றைத் தீர்க்க முதலாளி உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியிருந்தால் மட்டுமே பாதுகாப்பு நீடிக்கும். கெர்னார்வன் தொழிலாளர்கள் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். ஆனால் அந்த வெற்றி அவர்களுக்கு வேலையைத் திருப்பித் தரவில்லை.

2004இல் நாடாளுமன்றம் எட்டு வாரத்தைப் பன்னிரண்டாக நீட்டியது. கதவடைப்பு நாள்கள் அக்கணக்கில் சேரா என்றும் விதித்தது. தொழிலாளர்க்கு இது ஆதாயமே. எனினும் கெடுநாள் தள்ளிப்போயிற்றே தவிர நீங்கவில்லை. பாதுகாப்பு முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்திருக்கும்வரை, பேசித் தீர்ப்பதைவிடக் காத்திருப்பதே முதலாளிக்கு மலிவு. தொழிலாளியின் நாள்காட்டியோ வேறு. கூலியின்றிக் கழியும் ஒவ்வொரு வாரமும் வாடகையாகவும் கடனாகவும் அவரை அழுத்துகிறது. போராட்டத்துக்கு வயிறே ஒரு காலவரம்பு விதித்திருக்க, சட்டமும் இன்னொன்றை விதிக்க வேண்டியதில்லை.

இதன் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. 1906 முதல் பிரிட்டன் சட்டம் தொழிற்சங்கங்களுக்கு அளித்துவருவது வழக்கிலிருந்து விலக்கு. வேலைநிறுத்த உரிமை அன்று. உரிமை ஒருவர்க்கு உடைமையாவது. விலக்கோ ஒருவர் கொடுப்பது. கொடுப்பவர் அதற்குத் தவணையும் குறிப்பார். ‘பாதுகாக்கப்பட்ட வேலைநிறுத்தம்’ என்னும் தொடரின் செயப்பாட்டுவினை இந்தச் சார்பை மறைக்காமல் காட்டுகிறது.

2025 டிசம்பரில் அரச ஒப்புதல் பெற்ற வேலை உரிமைச் சட்டம் இரு கடிகாரங்களைத் தொட்டது. பன்னிரண்டு வார வரம்பை நீக்கியது. வாக்கெடுப்பின் செல்லுபடிக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்டியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வாக்கெடுப்புக்குக் காலம் குறிப்பதில் ஒரு நியாயம் உண்டு: உறுப்பினர்களின் மனம் மாறியிருக்கலாம், மறுபடியும் கேட்பது சங்க சனநாயகத்துக்கு அழகு. அந்தக் கேள்வி தொழிலாளரிடம் கேட்கப்படுகிறது. பணிநீக்கப் பாதுகாப்பின் காலம் முடிவது தொழிலாளரை எதுவும் கேட்பதில்லை. முதலாளியின் கையை அவிழ்த்துவிடுவது ஒன்றே அதன் வேலை. ஆகவே முன்னதை நீட்டுவது போதும், பின்னதை நீக்குவதே முறை.

இந்தியாவில் கடிகாரம் வேறிடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, எந்தத் தொழில் நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள்வரையும் கூடாது. பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டு எல்லார்க்கும் ஆயிற்று. அங்கே போராட்டம் தொடங்கிய பின் காலம் எண்ணப்பட்டது. இங்கே தொடங்குமுன்பே எண்ணப்படுகிறது. தொழிற்சட்டம் படிக்கும் மாணவர் நாள்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அந்த நாள்கள் கழியும்போது காத்திருப்பதால் பலன்பெறுபவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.