குரங்கு பங்கிட்ட கத்தி

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, இரவுச் சமையலுக்கு வெங்காய மூட்டையைப் பிரிக்கும்வரை எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஓய்வு. சிங்கப்பூர் ஜாலான் புசாரின் ஒரு பின்சந்தில், எண்ணெய் டின்களுக்கும் காலி முட்டைத் தட்டுகளுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். முன்னால் ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி, மூன்று தீட்டுக்கற்கள். பக்கத்துக் கடைகளிலிருந்தும் கத்தி வரும். காசு வாங்குவதில்லை. காப்பி வாங்கித் தந்தால் மறுப்பதுமில்லை.

போன ஆண்டு ஒருநாள், எங்கள் கிச்சனுக்குப் புதிதாக வந்திருந்த தம்பி ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

“அண்ணே, நூத்தியெண்பது வெள்ளி. ஏமாந்துட்டேன்ண்ணே.”

பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் 20 செ.மீ. கத்தி. வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தீட்டிய சாய்வு வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். இடப்பக்கம் அதில் பாதிகூட இல்லை. போதாததற்குப் பிடியோரம் வந்ததும் வலப்பக்கச் சாய்வு பாம்பு எலியை விழுங்கியதுபோல உப்பியிருந்தது. பார்த்தவுடனே தெரிகிற கோணல்தான், அவன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் இரண்டு பக்கத்தையும் இன்றைக்கே சமமாக்கிவிடுவது என்று முடிவுகட்டி, அதற்காக 120 எண் முரட்டுக் கல் ஒன்றும் வாங்கி வந்திருந்தான். மணல் காகிதத்தைப்போல் சொரசொரக்கிற கல். அதை முதலில் ஓரமாக வைக்கச் சொன்னேன்.

அவன் செய்யப்போன காரியத்தை நான் செய்திருக்கிறேன். அப்போது சுங்கை ரோட்டில் திருட்டுச் சந்தை இருந்தது. பழைய கைப்பேசி, ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம் எல்லாம் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு சீனத் தாத்தாவிடம் மூன்று வெள்ளிக்கு ஒரு பழைய சாணைக்கல் வாங்கினேன். கையிலிருந்ததோ என் சம்பளத்தில் வாங்கிய முதல் கத்தி. அதுவும் தொழிற்சாலையிலிருந்து ஒருபக்கம் அகன்ற சாய்வோடுதான் வந்தது. இடப்பக்கம் குறுகலாக இருக்கிறதே என்று இடப்பக்கத்தைத் தேய்த்தேன். அது அகன்றதும் வலப்பக்கம் குறுகலாகத் தெரிந்தது. வலப்பக்கத்தைத் தேய்த்தேன். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். மூன்று வாரத்தில் கத்தியின் உயரம் 3 மி.மீ. குறைந்தது, சாய்வு அப்போதும் சமமாகவில்லை. கடைசியில்தான் கல்லைத் திருப்பி ஓர் இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்திப் பார்த்தேன். நடுவில் ஆறுபோலக் குழிந்திருந்தது. குழிந்த கல்லில் நேரான வாய் எப்படி வரும்? அந்தக் கத்தியைக் கடைசிவரை மீன் செதில் சுரண்டத்தான் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் வெட்டும் விளிம்பை வாய் என்போம். நான் மானாமதுரைக்காரன். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி பக்கத்தில்தான். பட்டறையில் அரிவாள் எடுக்கப் போனால் ஆசாரி முதலில் கேட்பது எதை வெட்ட என்பதைத்தான்: தேங்காயா, கருவேல மரமா, கறியா. அதற்கேற்ப வாயின் கனம் மாறும். தொழிற்சாலைக் கத்தி யார் கைக்குப் போகிறது, எதை வெட்டப்போகிறது என்று அதைத் தீட்டியவருக்குத் தெரியாது.

தம்பிக்கு முதலில் கணக்கைச் சொன்னேன். வெர்னியர் காலிப்பரால் வாய்க்குச் சற்று மேலே அலகின் தடிமனை அளந்தால் அரை மில்லிமீட்டர். வாய் நட்டநடுவில் இருந்தால் பக்கத்துக்கு 0.25 மி.மீ. உலோகம் இருக்கும், 17 பாகையில் தீட்டினால் இரண்டு சாய்வும் ஏறக்குறைய 0.85 மி.மீ. அகலம் வரும். வாய் 0.1 மி.மீ. மட்டும் இடப்பக்கம் நகர்ந்துவிட்டதென்று வையுங்கள். வலப்பக்கம் 0.35, இடப்பக்கம் 0.15. அதே 17 பாகையில் தீட்டினால் வலப்பக்கச் சாய்வு 1.2 மி.மீ., இடப்பக்கம் 0.5 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனளவு நகர்ந்ததற்கு, கண்ணுக்கு ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகத் தெரிகிறது. சாய்வின் அகலம் பொய் சொல்லாது, ஆனால் ஊதிச் சொல்லும்.

அவன் நம்பவில்லை. “பாகையே ரெண்டு பக்கமும் வேறயா இருந்தா?”

நியாயமான கேள்வி. அதற்கு மார்க்கர் பேனா போதும். இரண்டு சாய்விலும் கறுப்பு மை பூசி, முதுகைக் கல்லிலிருந்து 13 மி.மீ. உயர்த்தி, 1000 எண் கல்லில் அழுத்தாமல் ஒரே ஒரு இழுப்பு. 13 மி.மீ. என்பது என் சுண்டுவிரல் தடிமன். 45 மி.மீ. உயரமுள்ள அலகுக்கு அது 17 பாகை ஆகிறது. மை மேலே மட்டும் அழிந்தால் நாம் பிடித்த கோணம் தாழ்வு. வாயருகே மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். இரண்டு பக்கமும் சாய்வு முழுக்க ஒரே சீராக மை போயிற்று. ஆக, தீட்டியவரின் கோணம் சரி. வாய்தான் நடுவை விட்டு விலகியிருக்கிறது.

ஏன் விலகுகிறது? பதம் போடும்போது, சூட்டிலிருந்து சட்டென்று குளிரும் அலகு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். தட்டி நிமிர்த்துவார்கள், மிச்சம் மீதி நெளிவு இருக்கத்தான் செய்யும். அலகின் இரு முகத்தையும் சாணையில் இழைக்கும்போது ஒரு பக்கம் இம்மி கூடப் போகும். கடைசியில் வாய் வைப்பது ஓடும் பெல்ட்டில். எந்திரக் கையால் வைக்கிற ஆலையும் உண்டு, ஆள் கையால் வைக்கிற ஆலையும் உண்டு. ஆள் பிடியோரத்தில் கத்தியை பெல்ட்டில் வைத்து நுனியை நோக்கி இழுப்பார். வைத்த இடத்தில் ஒரு நொடி கூடத் தங்கினால் போதும், அங்கே பள்ளம் விழுந்துவிடும். ஒரு கத்திக்குச் சில நொடிதான் என்று ஓடுகிற வேலையில் அந்த ஒரு நொடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நூற்றியெண்பது வெள்ளி வாங்கிய முதலாளியைச் சொல்லலாம்.

கோணலெல்லாம் குறையுமல்ல. ஜப்பானியக் கத்திகளில் வேண்டுமென்றே வலப்பக்கத்தை அகலமாகவும் இடப்பக்கத்தைக் குறுகலாகவும் வைப்பதுண்டு. பச்சை மீன் சீவுகிற யானகிபாவுக்குச் சாய்வு ஒரே பக்கம்தான். மறுபக்கம் லேசான குழிவு. அதைச் “சமமாக்க” மறுபக்கத்திலும் சாய்வு வைத்துவிட்டால் கத்தி முடிந்தது.

சரி, தம்பியின் கத்தியில் நிஜமான குறை எது? புதிய வெட்டுப் பலகைமேல் வாயை நிறுத்தி, பின்னாலிருந்து கைப்பேசி விளக்கை அடிக்கச் சொன்னேன். பிடியோரத்தில் ஏறக்குறைய மூன்று செ.மீ. நீளத்துக்கு, வாய்க்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தது. ஏ4 தாள் மூன்றை அடுக்கி நுழைத்தேன், நுழைந்தது. சாய்வு உப்பியிருந்ததும் சரியாக அதே இடம். அலகு மேலே போகப்போகத் தடிமன் கூடும். அங்கே அதிகம் தேய்ந்ததால் வாய் தடித்த பகுதிவரை ஏறிவிட்டது. அதனால்தான் சாய்வும் அகன்றது. உப்பல் கண்ணுக்குப் பட்டது; அதற்குக் காரணமான பள்ளம் படவில்லை.

ஒரு கட்டு மல்லித்தழையை நறுக்கச் சொன்னேன். நறுக்கினான். எடுத்தபோது தழை துண்டாகாமல் பூமாலைபோல ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு வந்தது. வாய் பலகையைத் தொடாத இடத்தில் வெட்டு முடியவில்லை. அப்புறம் ஒரு வெள்ளை முள்ளங்கியை நெட்டுவாக்கில் பிளக்கச் சொன்னேன். கத்தி இம்மி இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்கச் சாய்வு அகலமானால் அப்படித்தான் இழுக்கும். ஆனால் இரண்டாவது முள்ளங்கியில் அவன் மணிக்கட்டே அதைச் சரிக்கட்டிவிட்டது, அவனுக்குத் தெரியாமலே. அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவும்போது இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே இரும்பு அசையாது. காயைத் திருப்புகிற இரண்டு கையும்தான் வழி காட்டும். கோணலான அரிவாள்மணையில் நாற்பது வருஷம் சமைத்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

தீட்டுவதற்கு முன் இன்னொன்றும் கேட்டேன்: “திருப்பிக் குடுத்துப் பாத்தியா?” இங்கே 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம், எல்லாரும் ‘லெமன் லா’ என்பது, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவருகிற குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. சாய்வு அகலமாக இருக்கிறது என்றால் கடைக்காரர் சிரித்து அனுப்பிவிடுவார். வாய் பலகையில் உட்காரவில்லை என்று விளக்கடித்துக் காட்டினால் பேச இடமுண்டு. ஆனால் நாம் ஒருமுறை கல்லில் வைத்துவிட்டால், பள்ளம் யார் போட்டது என்று அவர் கேட்பார். எனவே முதலில் படம் எடு, அப்புறம் கேள், கடைசியில்தான் கல். தம்பி கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். “யூஸ் பண்ணப் பண்ணச் சரியாயிடும்” என்றார்களாம்.

பள்ளத்தை மண் கொட்டி நிரப்புவதுபோல இரும்பைக் கொட்ட முடியாது. மேட்டைத்தான் குறைக்க வேண்டும். 400 எண் கல்லை முதலில் சமன் செய்தேன். அதற்குத் தரை ஓட்டின்மேல் நீர்ப்பட்ட மணல் காகிதம் போதும். பிறகு கத்தியைக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிறுத்தி, ரொட்டி அறுப்பதுபோல வாயையே கல்லில் இழுத்தேன்.

“மொட்டையாக்கிட்டீங்களேண்ணே!”

மொட்டைதான். புதுக்கத்தியை இப்படிச் செய்வதற்கு எனக்கும் கை கூசும். ஆனால் மேடு எங்கே என்று அந்த மொட்டை விளிம்பே காட்டிக்கொடுக்கும். விளக்கின்கீழ் அது வெள்ளைக் கோடாக மின்னும். பள்ளத்தில் மட்டும் மின்னாது. பிடிமூலையும் பள்ளத்துக்கு முன்பகுதியும் தேய்ந்து, கோடு விட்டுப்போகாமல் ஓடியதும் நிறுத்தினேன். அப்புறம் சாய்வுகளைத் தீட்டி அந்தக் கோட்டை அழிக்க வேண்டும். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். எண்ணி இருபது இழுப்பு என்று முழு நீளமும் ஒரே மாதிரி தேய்ப்பார்கள். கோடு எங்கே முதலில் மறைகிறதோ அங்கே கை நின்றுவிட வேண்டும். தடித்த பிடியோரத்துக்கு மட்டும் வேலை தொடரும். அந்த இடத்தில் சாய்வுக்கு மேலேயும் முதுகைத் தாழ்த்தி வைத்துக் கொஞ்சம் மெலிய வைத்தேன். பளபளப்பு போய்க் கீறல் விழுந்தது. விழட்டும்.

1000இல் பிசிறு எழும்பும்வரை, பிசிறை மறுபக்கம் திருப்பி மறுபடி, கடைசியாக 3000இல் இறகு தடவுவதுபோல. நாற்பது நிமிடம். கத்தி இழந்த உயரம் 0.4 மி.மீ. மின்சாரச் சாணையில் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் சூடேறி வாய் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் தங்காது.

வலப்பக்கமும் இடப்பக்கமும் அப்போதும் சமமில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “இதுக்கு அவசரம் இல்ல. இனி ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் இடப்பக்கம் அஞ்சு இழுப்பு, வலப்பக்கம் மூணு. தானா நடுவுக்கு வரும்” என்றேன். எப்படியும் தீட்டப்போகிற கத்தி. அந்தத் தேய்மானத்திலேயே கோணலும் கரையட்டும் என்பதுதான் என் கட்சி. ஒரே நாளில் நேராக்கினால் இரண்டு வருஷத் தேய்மானம் ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

வேலை முடிந்ததும் கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். காரணமில்லாமல் தெருவில் கத்தியோடு நடந்தால் இங்கே போலீஸ் விசாரிக்கும். சமையற்காரன் என்றாலும் மூடி எடுத்துப்போவதுதான் மரியாதை. ஸ்கேல் வேண்டுமென்று டிரவிட் ரோடு பக்கம் போனவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். சை செங் ஹுவாட் ஹார்ட்வேர் என்ற பலகையைப் பார்த்து நுழைந்தானாம். உள்ளே காப்பி விற்கிறார்கள். 2012 முதல் அப்படித்தான். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

எட்டு மாதம் ஆயிற்று. போன வாரம் நான்தான் அளந்தேன்: வலப்பக்கம் 1 மி.மீ., இடப்பக்கம் 0.65. மல்லித்தழை மாலை கோப்பதில்லை. தம்பி இப்போது அளக்கவும் மறந்துவிட்டான். அவன் வாங்கி வந்த 120 எண் முரட்டுக் கல் உறை பிரிக்காமல் என் அலமாரியில் கிடக்கிறது. மழுங்கின, வாய் உடைந்த பழைய கத்தி யாரிடமாவது இருந்தால் மூன்றரை மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம். புதுக்கத்திக்காக என்றால் தரமாட்டேன்.