பதின்மூன்று லிட்டர்

ஜனவரி 9

வந்து நான்கு நாளாகிறது. அரிசோனாவின் மேற்கோரத்தில் குவார்ட்சைட் என்ற சிற்றூர். அதன் தெற்கே லா போசா சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக்கல், கிரியோசோட் புதர், ஆங்காங்கே கைதூக்கி நிற்கும் சுவாரோ கள்ளி. 1983 முதல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இங்கே கேம்பர் வண்டிக்காரர்களை நீண்டநாள் தங்க அனுமதிக்கிறது. செப்டம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரை தங்க நாங்கள் கட்டியது 180 டாலர். மனை பிரித்து எல்லை போட்டதில்லை, மின் இணைப்பும் இல்லை. பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சோலார் பலகையை வெயிலுக்குத் திருப்பி வைத்தால் வீடு தயார்.

எங்கள் தொட்டி 130 லிட்டர் கொள்ளும். பத்து நாளுக்கு ஒருமுறைதான் நிரப்பப் போவது என்று முடிவு. ஒரு நாளைக்குப் பதின்மூன்று லிட்டர், இரண்டு பேருக்கு. சமையல், குடிநீர், பாத்திரம், குளியல் எல்லாம் அதற்குள். அரிசி களைந்த நீரில் தட்டைக் கழுவுகிறேன். குளியல் என்பது ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வதுதான். மூன்றாம் நாளே பழகிவிட்டது.

ஜனவரி 13

காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. மூடியைத் திறந்து பார்த்த என் கணவர், "ஏம்மா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். இன்ஜின் மேல் ஒரு கூடு! சுள்ளி, கள்ளி முள் துண்டு, எங்கள் துணி கிளிப் ஒன்று. இரண்டு ஒயர்களின் மேலுறை கடித்துத் தின்னப்பட்டிருந்தது. பேக்ராட் என்ற எலியின் வேலை. கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போய்ச் சேர்க்கும் பிராணி. பாறை இடுக்குகளில் இதன் மூதாதைகள் சேர்த்த குப்பை, காய்ந்த சிறுநீரால் பிசின்போல இறுகி, பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கிறது. இந்தப் பாலை ஒரு காலத்தில் குளிர்ந்து ஈரமாக இருந்ததையும், என்னென்ன மரங்கள் வளர்ந்தன என்பதையும் ஆய்வாளர்கள் அந்தக் குப்பையைப் பிரித்துத்தான் படித்தறிந்தார்கள். ஒயருக்கு ஆன செலவு வருத்தம்தான். ஆனால் கூட்டைக் கலைக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது.

இப்போது இரவில் இன்ஜின் மூடியைத் திறந்தே வைக்கிறோம். இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் அது குடியேறாது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

ஜனவரி 21

இரவு பத்து மணி. சிவப்பு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கங்காரு எலி வந்தது. பின்னங்கால் இரண்டில் துள்ளி, நீண்ட வாலால் சமநிலை பிடித்து, விதைகளைக் கன்னப் பைகளில் அடைத்துக்கொண்டு மறைந்தது. இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கத் தேவையில்லை. தின்ற விதையை உடல் எரிக்கும்போது உண்டாகும் ஈரமே போதும். சிறுநீரகம் அந்த ஈரத்தையும் சிந்தவிடாமல் பிடித்துவைக்கும். பகலெல்லாம் வளைக்குள் இருந்துகொள்ளும். பதின்மூன்று லிட்டரில் நாளை ஓட்டுகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதன் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 4

பக்கத்து வண்டிக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு தனியாக வருகிறாராம். அவர் வாசலில் ஒரு தகரக் கிண்ணம். மாலையில் அதில் கோழித் துண்டு வைப்பார். இருட்டும் நேரத்தில் கயோட்டி என்ற சிறு ஓநாய் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போகும். ஒல்லியான பெண், இடது காது கிழிந்தது. பத்தடி தூரத்தில் மனிதன் இருந்தாலும் ஓடுவதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

இன்று அவரிடம் பேசினேன். எலி, முயல், கள்ளிப்பழம், மெஸ்கீட் காய் என்று அதற்கு இங்கே இரை உண்டு. மனிதன் கையைப் பார்க்கப் பழகிவிட்டால் அடுத்து யார் வீட்டு நாய்க்குட்டியையோ தூக்கும், கடிக்கவும் செய்யும், பிறகு சுட்டுக் கொன்றுவிடுவார்கள் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "என்னைத் தேடி வருவது அது ஒன்றுதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாளை இரவு சாப்பிட வரச்சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11

கிண்ணத்தை எடுத்துவிட்டார். கயோட்டி மூன்று மாலை வந்து, கிண்ணம் இருந்த இடத்தில் உட்கார்ந்து அவர் கதவையே பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நான்காம் நாள் வரவில்லை. அன்றிரவு தூரத்தில் ஊளை கேட்டது. இரண்டே கயோட்டி பத்துபோல ஒலிக்கும். அதில் அவள் குரல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் மேசையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 22

மூவரும் கோஃபா வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போனோம். பெருங்கொம்பு ஆடுகள் அழிந்துவிடாமல் காக்க 1939-இல் அமைந்தது. அதற்காக 1936 முதல் பாடுபட்டவர்களில் அரிசோனாவின் சாரணச் சிறுவர்கள் முன்னணியில் நின்றார்கள். பிரெடரிக் ரஸல் பர்ன்ஹாம் என்பவர் அவர்களைத் தூண்டி நடத்தினார். பள்ளிப் பையன்கள் கேட்டுப் பெற்ற மலை இது! பாம் கேன்யனில் செங்குத்தான பாறைப் பிளவுக்குள் பனை இனத்து மரங்கள் நிற்கின்றன. உச்சி வெயில் மட்டும் சிறிது நேரம் அவற்றின் மேல் விழுகிறது. நடப்பட்டவையல்ல, தாமாக வளர்ந்தவை. உயரத்தில் ஓர் ஆட்டுக் கடா, கொம்பு முழுச் சுருளாக, பாறையோடு பாறையாக நின்று எங்களைப் பார்த்தது. கடைசிவரை அது நகரவே இல்லை; நாங்கள்தான் இறங்கினோம்.

திரும்பும் வழியில், மலையடிவாரத்து மண்பாதையில் ஒரு பாலை ஆமை. குளிர்கால உறக்கம் முடிந்து வெளியே வந்திருக்கிறது. ஓட்டில் இன்னும் வளை மண். வண்டி ஏதும் வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் குனிந்து கையை நீட்டிவிட்டேன்.

"தூக்காதீர்கள்!" என்றார் பக்கத்து வண்டிக்காரர். நான் அவரிடம் கயோட்டியைப் பற்றிச் சொன்ன அதே அக்கறை அவர் குரலில் இருந்தது. மழைக்காலத்தில் குடித்த நீரை இந்த ஆமை சிறுநீர்ப்பையில் மாதக்கணக்காகச் சேமித்து வைக்கும். யாராவது தூக்கினால் பயத்தில் அத்தனையையும் கொட்டிவிடும். அடுத்த மழை ஜூலையில்தான். அதுவரை வறண்டு செத்துப்போகவும் கூடும்.

வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அது பாதையைக் கடக்கும்வரை இருபது நிமிடம் காத்திருந்தோம்.

பாலைவனத்துக்கு வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆமையைக் கண்டால் கையில் எடுக்காதீர்கள், படம் எடுக்கக்கூடத் தூக்காதீர்கள். தள்ளி நின்று, அது போகும்வரை வழிவிடுங்கள்.