உருவிப் பார்த்தால்தான் தெரியும்

சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரின் சர்வர் அறை. விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஸ்டோரேஜ் பிரிவுப் பொறியாளர் ஒரு சோதனை சர்வரின் பின்பக்கத்தைக் காட்டினார். ஃபைபர் சேனல் கார்டுகள் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் தனித்தனி சுவிட்சுக்குப் போகிறது. ஒவ்வொரு சுவிட்சும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களோடும் இணைந்திருக்கிறது. ஆக, ஒரே வட்டுக்கு நான்கு வழிகள்.

லினக்ஸ் கண்ணுக்கு முதலில் இவை நான்கு வட்டுகள். நான்கும் சொல்லும் அடையாள எண் ஒன்றே என்று கண்டுகொண்டு, மல்டிபாத் மென்பொருள் அவற்றை ஒரே சாதனமாகக் கட்டுகிறது. டேட்டாபேஸ் எழுதுவது அந்த ஒன்றில்தான். அடியில் எத்தனை கேபிள் என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

"இப்ப உருவுறேன் சார், திரையைப் பாருங்க" என்றார். கேபிள் முனையின் சின்னக் கொக்கியை விரலால் அழுத்தி இழுத்தார். கார்டின் விளக்கு அணைந்தது. எழுதும் வேகம் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தது. ஐந்தாறு விநாடி அப்படியே நின்றது. பிறகு பழைய வேகத்துக்கு ஏறியது. எழுதிக்கொண்டிருந்த நிரலுக்கு ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.

அறுந்த இணைப்பு திரும்புமா என்று பார்க்கும் காத்திருப்பு அது. வழக்கமான அமைப்பில் 5 விநாடி. திரும்பாவிட்டால், நடுவில் சிக்கிய கோரிக்கைகள் வேறு வழியில் மறுபடி அனுப்பப்படுகின்றன. 'மல்டிபாத் -எல்எல்' கட்டளையில் இரண்டு வரிகள் 'ஃபெயில்டு' என்றும், இரண்டு 'ஆக்டிவ்' என்றும் நின்றன. மிஞ்சிய இரண்டில் முன்னுரிமை 50 உள்ளது, வட்டைக் கையாளும் கன்ட்ரோலருக்கே நேராகப் போகும் வழி. 10 உள்ளது சுற்றுவழி. போக்குவரத்து நேர்வழியில் ஓடியது. கேபிளைத் திரும்பச் செருகியதும், பின்னணியில் வழிகளைச் சோதித்துக்கொண்டேயிருக்கும் 'மல்டிபாத்டி' சிறிது நேரத்தில் நான்கையும் தானே சேர்த்துக்கொண்டது.

நான்குமே போனால்?

"அதை நாமதான் முன்கூட்டியே முடிவு பண்ணி எழுதி வைக்கணும்" என்றார். வழி திரும்பும்வரை காத்திரு என்றால் நிரல்கள் உறைந்து நிற்கும். உடனே பிழை சொல் என்றால் சிறு தடங்கலும் டேட்டாபேஸைக் கவிழ்த்துவிடலாம். இத்தனை முறை பார்த்துவிட்டுக் கைவிடு என்ற நடுவழியும் உண்டு. 5 விநாடிக்கு ஒரு சோதனை, 12 முறை என்றால் ஏறக்குறைய ஒரு நிமிட அவகாசம்.

இந்த மென்பொருள் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்வதே அதன் பலம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பாதி வழிகள் போன பிறகும் எல்லாம் ஓடும்; மீதமுள்ள சுவிட்சைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளில்தான் விஷயம் வெளிவரும். இரண்டு கேபிளும் தவறி ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருந்தாலும் திரையில் நான்கு வரிகளும் 'ஆக்டிவ்' என்றே சொல்லக்கூடும். ஒரு வழி விழுந்தாலும் உடனே எச்சரிக்கை வர வேண்டும். சர்வரைப் பயன்பாட்டுக்கு விடுமுன் ஒவ்வொரு கேபிளையும் ஒரு முறை உருவிப் பார்த்தாக வேண்டும்.