கோட்டின்மேல் விழுந்த பந்து

கிரிக்கெட்டில் கண் பழகிய நமக்குச் சாஃப்ட்பால் ஆட்டத்தில் முதலில் வியப்பளிப்பது, மட்டையில் பட்ட பந்தெல்லாம் ஆட்டமாகிவிடுவதில்லை என்பதே. ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ், மூன்றாம் பேஸ் வழியாக விரியும் இரு வெண்கோடுகளுக்கு உள்ளே விழுந்தால் ஃபேர். வெளியே விழுந்தால் ஃபவுல். கோட்டின்மேலேயே விழுந்தால்? கிரிக்கெட்டில் மட்டை கோட்டின்மேல் மட்டும் இருந்தால் ரன் அவுட். இங்கோ கோடும் களத்தின் பகுதியே. கோடுகள் முடியுமிடத்தில் நிற்பவற்றுக்கு ஃபவுல் கம்பம் என்று பெயர். பறந்து வரும் பந்து அதில் பட்டால் மட்டும் ஃபேர்! பெயரிட்டவர் என்ன எண்ணினாரோ. பேஸ்பாலிலும் இதே விதிதான். 1975-ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில், கார்ல்டன் ஃபிஸ்க் 12-ஆவது இன்னிங்ஸில் அடித்த பந்து அத்தகைய கம்பத்தில் மோதியே வெற்றியைத் தந்தது.

நடுவர் பார்க்க வேண்டியது பந்து இருக்கும் இடத்தை. அதைத் தொடுபவரின் கால் இருக்கும் இடத்தை அன்று. பேஸை எட்டுமுன் தரையில் உருளும் பந்து, கோட்டுக்கு வெளியே சென்று உள்ளே திரும்பவுங் கூடும். அது நிற்கும்வரை, அல்லது ஒருவர் தொடும்வரை, தீர்ப்பில்லை. எங்கள் மகள் ஆடிய பள்ளி மைதானத்தில், பிற்பகலுக்குள் ஓடிய கால்கள் சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிடும். இல்லாத கோட்டின் இருபுறமும் காலூன்றி, கண்ணால் அதை வரைந்துகொண்டு நின்ற நடுவரைத்தான் நான் ஆட்டத்தைவிட அதிகம் பார்த்தேன்.

ஃபவுல் என்றால் அவர் இரு கைகளையும் உயர்த்திக் கூவுகிறார். ஃபேர் என்றால் வாய் திறவாமல் உள்நோக்கிக் கை காட்டுகிறார். காரணம் உண்டு: ஃபவுல் என்ற சொல் கேட்டதும் அனைவரும் நின்றுவிடுவர், நின்ற ஆட்டத்தை மீண்டும் ஓடவிட இயலாது.

2009 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் நேர்ந்தது இதுவே. 11-ஆவது இன்னிங்ஸ், இரு அணிகளும் சமநிலை. மினசோட்டாவின் ஜோ மாவர் அடித்த பந்து, தடுப்பாளரின் கையுறையில் உரசிக் கோட்டுக்கு உள்ளே விழுந்து, துள்ளிப் பார்வையாளரிடையே சென்றது. இரண்டாம் பேஸ் அவருக்கு உரியது. அக்கோட்டைக் கவனிப்பதற்கென்றே நிறுத்தப்பட்டிருந்த நடுவர், அருகிலிருந்தும் ஃபவுல் என்றார். மினசோட்டா 4–3 எனத் தோற்றது. பிழை நேர்ந்ததை நடுவர் குழுத் தலைவர் அன்றே ஒப்புக்கொண்டார்.

2014 முதல் இத்தகைய பந்துகளை ஒளிப்பதிவில் மீண்டும் பார்க்கிறார்கள். ஆனால் பேஸ் நடுவருக்கு முன்னால் தரையில் விழும் பந்துக்கு அந்த வசதி நெடுநாள் இல்லை. பள்ளி மைதானத்துக்கோ என்றுமே இருந்ததில்லை.