பைபர் மணம்

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோர் பலர் என் பதிவுகளை வாசிக்கிறீர்கள், அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம்.

2022 கடைசி. எட்டாம் தரத்தில் ஒரு பையன். கிழமைக்கு இரண்டு நாள் வரமாட்டான். வந்தாலும் முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்துவிடுவான். கண் சிவந்திருக்கும், கையைச் சொறிந்துகொண்டே இருப்பான். கிட்டப் போனால் தின்னர் மாதிரி ஒரு மணம். கலாசாலையில் படிக்கும்போது உளவியல் நோட்டில் எழுதிய 'போதைப்பொருள் பாவிக்கும் மாணவரின் அடையாளங்கள்' வரிசையாக ஞாபகம் வந்தன. எல்லாம் பொருந்தியது. அன்று இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் தேத்தண்ணிக் கோப்பையோடு, "இவன் எதையோ உறிஞ்சுறான் போல" என்று சொன்னேன். ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி முகத்துவாரம் போனேன். தோட்டத்துக்குள் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் லுஹர் பாங்கு சொல்லிவிட்டது. உம்மா வாசலில் நின்றபடியே, "வாப்பாட போட்டுக்குப் போயீக்கான் சேர்" என்றார். கடலுக்கா என்று கேட்டேன். "இல்ல சேர், போட் கரையிலதான் ஈக்கி."

துறைமுகப் பக்கம் கரையேற்றிய பலநாள் படகுகளைத் தூர நின்று பார்த்திருப்பீர்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். தண்ணீரில் பாதி மறைந்திருக்கும் உடம்பு முழுவதும் வெளியில் தெரியும்போது, நாற்பது அடிப் படகு ஒரு மாடி வீடு மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டு. ஏறி இறங்க ஏணி. அந்தப் படகின் நிழலில் மட்டையை விரித்து வாப்பா படுத்திருந்தார். பக்கத்தில் என் மாணவன், மடியில் என் பாடக் கொப்பி.

என்னைக் கண்டதும் பையன் எழுந்து படகுக்குப் பின்னால் போய்விட்டான்.

நானா எழுந்து சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, மேலே வாங்க என்று கூப்பிட்டார். ஏறினேன். கேபினுக்குள் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை, போறணைக்குள் தலை விட்டது போல. கடலில் காற்றும் தண்ணீரும் பைபரைக் குளிர்த்திக்கொண்டிருக்கும். கரையில் அது வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரைக்கும் கக்கும். இருட்டினால் மேல்தட்டில் நுளம்பு. கழிவறைக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். தண்ணீரைக் கேனில் தூக்கி ஏணியில் ஏற்ற வேண்டும். மூன்று கல் வைத்துக் கீழேதான் சமையல். இப்படி நான்கு மாதம்.

அந்த வருடத் தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ஆனது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். நாம் பஸ் காசை நினைத்துக் கவலைப்பட்டோம். ஒரு நீண்ட பயணத்துக்கு ஆயிரக்கணக்கான லீற்றர் அடிக்கும் படகை நினைத்துப் பாருங்கள். கடலில் கிடந்தால் அடியில் பாசியும் கொட்டலசும் பிடிக்கும், நம்முடைய சூட்டுக் கடலில் அது சீக்கிரம். பிடித்தால் வேகம் குறையும், டீசல் இன்னும் கூடும். சும்மா நிற்கிற நேரத்தில் அடிவேலையை முடிப்போம் என்று முதலாளி கரையேற்றினார். பாதியில் காசு முடிந்தது. பெற்றரி, ஜீபிஎஸ், இயந்திரச் சாமான் எல்லாம் உள்ளே. ஆள் இல்லாமல் விட்டால் ஒரே இரவில் போய்விடும். ஆகவே நானா காவல். முதலாளி கொடுப்பது சாப்பாட்டுக்குக்கூடக் காணாததால் கிழமைக்கு இரண்டு இரவு பேலியகொடை மீன் சந்தைக்குப் பெட்டி இறக்கப் போகிறார். அந்த இரண்டு இரவும் பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக அந்தப் படகில்.

மணத்துக்கு வருவோம். முதலாளி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தரும் ரெசினில் நானா வெடிப்புகளை அடைக்கிறார். வெயில் ஏறினால் கலக்கிய ரெசின் பூசுவதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும். அதனால் சுபஹ் தொழுத கையோடு வேலை. பையன் பாயைப் பிடித்துக் கொடுப்பான், காய்ந்த இடத்தை சேன்ட் பேப்பரால் உரஞ்சுவான், பிறகு அப்படியே ஸ்கூலுக்கு வருவான். தோலுக்குள் கண்ணாடித் தூள். கண்ணிலும் அதே தூள். தின்னர் மாதிரி நான் மோந்தது அந்த ரெசின்.

நான் வந்த காரணத்தை நானா கேட்கவில்லை. லீவு கூடிவிட்டது என்று மட்டும் சொன்னேன், மற்றது வாயில் வரவில்லை. அவர் ப்ரொப்பலர் பக்கம் கூட்டிப் போய் ஒரு துத்தநாகக் கட்டியைக் காட்டினார், பாதி தின்னப்பட்டிருந்தது. உப்புத் தண்ணீர் முதலில் இதைத் தின்னும், அதனால் ப்ரொப்பலர் தப்பும் என்றார். இரவில் எப்படி நித்திரை என்று கேட்டேன். "கடல்ல ஈக்கிற நேரம் நல்லா வரும் சேர். இங்க போட் ஆடுறல்லயே."

பையனைக் காலையில் உரஞ்ச விடாதீர்கள், சந்தைக்குப் போகும் இரவுகளில் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்வது லேசு. பிறகு பள்ளிவாசலில் தெரிந்த இரண்டு வாலிபர்கள் முறை வைத்து இரவில் போனார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். அடுத்த வருடம் படகு தண்ணீரில் இறங்கியது.

ஒருநாள் வகுப்பில் அன்னபூரணியின் கதை சொன்னேன். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல், நம் ஆட்களோடு அத்திலாந்திக்கைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போனது. இவன் கையை உயர்த்தி, "அங்க கரைக்கு ஏத்தினா ஆரு சேர் காவல் இருந்த?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

இப்போது அவன் சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பிப் போய் நான் சொன்னது பிழை என்று சொன்னேன்தான். ஆனால் அன்று இருந்த ஐந்தாறு பேரில் இரண்டு பேர்தான் அப்போது இருந்தார்கள், மற்றவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்ல நான் மெனக்கெடவில்லை. போன கிழமை ஓர் ஆசிரியர் வகுப்பில் அவனுடைய பையை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "முந்தி ஒரு கதை ஈந்திச்சே" என்றாராம்.

அந்தக் கதை என்னுடையது.